பெங்களூரில் நியாய வணிகத் தையல் குழு: கூலிக் கணக்கிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம், ஈஜிபுரா, டி.ஜே. ஹள்ளி என்று பெங்களூரில் தமிழ் பேசுகிற எந்தப் பகுதிக்குப் போனாலும் கார்மென்ட்ஸில் வேலை பார்த்த அக்காக்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வருஷக்கணக்கில் காலர் மட்டுமே வைத்தவர், பாக்கெட் மட்டுமே அடித்தவர், காஜா மெஷினை விட்டு எழுந்திருக்காதவர். இவர்களுக்குப் போய் யாரும் தையல் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பெண்களை முன்னேற்றுகிறோம் என்று பேனர் கட்டிக்கொண்டு வருகிற திட்டங்களில் பெரும்பாலானவை தையல் வகுப்பில்தான் தொடங்குகின்றன. மூணு மாசம் பயிற்சி, ஒரு சர்டிபிகேட், ஒரு போட்டோ, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மெஷின். அப்புறம் ஆர்டர் இருக்காது, அந்த மெஷின் துணி மடித்து வைக்கிற மேஜையாகிவிடும்.

கைத்திறமை இங்கே ஏராளமாக இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: ஒரு பீஸுக்கு என்ன விலை என்று அந்தப் பெண்களே கணக்குப் போட்டுச் சொல்கிற இடம். விலையை வாங்குபவர் சொல்லி, இடையில் இருக்கும் கான்ட்ராக்டர் அதில் பாதியைப் பிடித்து, மிச்சத்தைக் கூலி என்று கொடுத்தால் அது எவ்வளவு அழகான பையாக இருந்தாலும் நியாய வணிகம், அதாவது ஃபேர் டிரேட், கிடையாது. ஆகவே இந்தப் பெண்களோடு ஒரு தையல் குழு தொடங்க நினைப்பவர்களுக்கான இந்த வழிகாட்டியில் கணக்குக்குத்தான் அதிக இடம். மெஷின், லேபிள் எல்லாம் அதற்கு அப்புறம்.

கார்மென்ட்ஸ் பெண்களுக்குத் தங்கள் உரிமையைக் கேட்கத் தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரலில், பி.எஃப். பணத்தை எடுப்பதற்கு மத்திய அரசு புதுக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, ஓசூர் ரோட்டிலும் பீன்யாவிலும் பெரிய தலைவர்கள் யாரும் முன்னால் நிற்காமலே ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாளில் அந்த விதி வாபஸ் ஆனது. கேட்கத் தெரிந்தவர்கள்தான், கணக்குத்தான் அவர்கள் கையில் இருந்ததில்லை.

முதலில் ஆட்கள், அதிலும் ஒரு எச்சரிக்கை

தொடங்குவதற்கு ஆறேழு பேர் போதும். எல்லோரும் மெஷினில் உட்கார வேண்டும் என்று இல்லை. ஒருவர் வெட்ட, ஒருவர் பிசிறு வெட்டி அயர்ன் போட்டு எண்ணி மடிக்க, மற்றவர்கள் தைக்க. வெட்டுகிற ஆள்தான் ரொம்ப முக்கியம். கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர் வேலை பெரும்பாலும் ஆண்களிடம் இருப்பதால், நல்ல தையல்காரிகள் கிடைக்கிற அளவுக்கு நல்ல கட்டிங் தெரிந்த பெண்கள் கிடைக்க மாட்டார்கள். யாராவது ஒருவருக்கு அதை முறையாகக் கற்றுக்கொடுக்கக் கொஞ்சம் காசு செலவழித்தாலும் தப்பில்லை. பயிற்சிக்கென்று ஒதுக்குகிற பணத்தை எல்லாம் இதில் போடலாம் என்பது என் எண்ணம்.

எச்சரிக்கை என்னவென்றால், ஃபேக்டரியில் இப்போது வேலையில் இருப்பவரை "விட்டுட்டு வாங்கக்கா" என்று கூப்பிடாதீர்கள். அங்கே சம்பளம் குறைவு, டார்கெட் தொல்லை, சூப்பர்வைசர் வாய், எல்லாம் உண்மை. ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அங்கேதான் இருக்கிறது. அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை செய்தால்தான் பொதுவாகக் கிராஜுவிட்டி, பி.எஃப். திட்டத்தில் பத்து வருஷம் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன். நாலரை வருஷத்தில் ஒருவரை இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பணத்தைக் கெடுத்துவிட்டு, நாம் நியாயம் பேசக் கூடாது. ஏற்கெனவே வேலையை விட்டவர்கள், குழந்தைக்காக வீட்டில் இருப்பவர்கள், கண்ணும் முதுகும் டார்கெட்டுக்கு ஒத்துழைக்காமல் வெளியே வந்தவர்கள், இவர்களோடு தொடங்குங்கள். இரண்டு வருஷம் ஆர்டர் நிற்காமல் வந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

என்ன தைப்பது

ஒரே ஒரு பொருள். அதிகம் போனால் இரண்டு. தொடக்கத்தில் சுடிதாரும் பிளவுஸும் எடுக்காதீர்கள், அளவுத் தொல்லையில் லாபம் எல்லாம் ஆல்டரேஷனில் போய்விடும். பை தைப்பதுதான் பத்திரம். அளவு ஒன்று, துணி ஒன்று, கணக்குப் போடுவது சுலபம்.

பெங்களூர்த் தமிழர்களுக்குப் பை வேண்டிய காரணம் நிறைய உண்டு. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, வரலக்ஷ்மி விரதத்துக்கும் கொலுவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கச் சின்னச் சுருக்குப் பை, அறுபதாம் கல்யாணம், காது குத்து, வளைகாப்பு. அதோடு மஞ்சப்பைக்கு ஒரு மரியாதை திரும்ப வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் ஆரம்பித்தபோது கிண்டலடித்தவர்களே இன்று ரிட்டர்ன் கிஃப்டுக்கு மஞ்சள் பை கேட்கிறார்கள். கர்நாடகம் 2016லேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட மாநிலம், 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை. கடைக்காரர்களும் துணிப் பை தேடத்தான் செய்கிறார்கள். ஆனால் கடைக்காரர் தேடுவது மலிவான பை. ஆரம்பத்தில் அவரிடம் போகாதீர்கள்.

எக்ஸ்போர்ட் மிச்சம் என்று கிலோ கணக்கில் விற்கிற கட்பீஸ் பார்க்க ஆசையாக இருக்கும். கண்காட்சியில் ஒற்றை ஒற்றையாக விற்பதற்கு அது சரி. நூறு பை ஆர்டருக்கு அதை நம்பினால், அறுபதாவது பையில் அந்தத் துணி தீர்ந்துவிடும், அதே கலர் மறுபடி எங்கேயும் கிடைக்காது.

துணி வாங்குவது

பைக்குக் காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தி, நல்ல தொடக்கம். ஈரோட்டில் கனி மார்க்கெட் வாரச் சந்தைக்கு ஒருவர் போய்வந்தால், அல்லது அங்கே தெரிந்த கடை ஒன்றைப் பிடித்து லாரி சர்வீஸில் போடச் சொன்னால், மொத்தமாக எடுப்பதற்கு விலை கட்டுப்படியாகும். ஒரு ஆர்டர், இரண்டு ஆர்டர் என்கிற அளவில் இருக்கும்போது சிக்பேட்டையே போதும். நூல், ஜிப், லேஸ், நாடா எல்லாம் அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட்டில். கர்நாடக முகவரியில் அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து சாதாரண பி.எம்.டி.சி. பஸ்ஸில் ஷக்தி திட்டத்தில் இலவசம் என்பதால், துணி எடுக்கப் பெண்களே இரண்டு பேராகப் போய்வருவது பழக்கமாகட்டும். செலவு மிச்சம் என்பதைவிட, துணிக்கடையில் பேரம் பேசுகிறவர் கையில்தான் விலை ரகசியம் இருக்கும், அந்த ரகசியம் குழுவுக்குள் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் கால் மீட்டர் வெட்டி வாங்கி வந்து, அளந்து, நனைத்து, காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். காடா துணி நன்றாகவே சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டு, ஒன்று முழுத் துணியையும் நனைத்துவிட்டு வெட்டுங்கள், இல்லை அந்த அளவைக் கூட்டி வெட்டுங்கள். அப்படியே கலர்த் துணி என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். தாம்பூலப் பையில் தேங்காய் வைப்பார்கள், ஈரம் படும், சாயம் பட்டுப்புடவையில் ஒட்டினால் அந்தக் குடும்பத்தில் உங்கள் பெயர் பல வருஷத்துக்கு நிற்கும்.

நிமிஷக் கணக்கு

இதுதான் மையம், பொறுமையாகப் படியுங்கள்.

கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் ஒவ்வொரு சட்டைக்கும் இத்தனை நிமிஷம் என்று ஒரு கணக்கு உண்டு, டார்கெட் அதிலிருந்துதான் வருகிறது. அதே கணக்கை நாம் தையல்காரி பக்கத்திலிருந்து போடப் போகிறோம், அவ்வளவுதான்.

பத்துக்குப் பன்னிரண்டு இஞ்ச் தாம்பூலப் பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று பேரைத் தைக்கச் சொல்லுங்கள்: வேகமான ஒருவர், நடுத்தரமான ஒருவர், மெதுவான ஒருவர். ஒவ்வொருவரும் பத்துப் பை தைக்கட்டும், முதல் இரண்டை விட்டுவிட்டு மிச்ச எட்டுக்கு நேரம் எடுங்கள். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் போதும். நடுவில் உட்கார்ந்திருப்பவரின் நேரத்தைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். வேகமானவரின் நேரத்தை எடுத்தால் மற்றவர்களுக்கு நாள் முழுக்க உழைத்தும் கூலி நிற்காது. பீஸ் ரேட்டில் நடக்கிற பழைய அநியாயமே அதுதான்.

வெட்டுவது 2 நிமிஷம், கைப்பிடி மடித்துத் தைப்பது 4, வாய் மடித்து உடம்பு மூட்டுவது 5, ஓவர்லாக், அதாவது ஓரம் பிரியாமல் தைப்பது, 2, பிசிறு வெட்டி அயர்ன் போட்டு மடிப்பது 3. மொத்தம் 16. இதோடு நிறுத்தாதீர்கள். பாபின் மாற்றணும், நூல் அறுந்துபோகும், தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போகணும், கழுத்தை நிமிர்த்தணும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். 19 நிமிஷம் ஆகிறது.

இப்போது கூலி. கர்நாடகத் தொழிலாளர் துறை அறிவிக்கிற குறைந்தபட்சக் கூலியைப் பாருங்கள், அதில் விலை ஏற்றத்துக்காகச் சேர்க்கிற படி ஏப்ரல் மாதம் மாறும். அதற்குக் கீழே போகக் கூடாது. அது அடித்தளம்தான், அதோடு நின்றுவிடவும் கூடாது. ஆசியா ஃப்ளோர் வேஜ் என்கிற தொழிலாளர் கூட்டமைப்பு வாழ்வதற்கான கூலியைக் கணக்கிடும்போது, ஒருவர் சம்பளத்தில் மூன்று பங்கு ஆட்கள் கொண்ட குடும்பம் ஓட வேண்டும் என்று வைக்கிறது. பெரியவருக்கு ஒரு பங்கு, குழந்தைக்கு அரைப் பங்கு. உங்கள் தெருவில் வாடகை என்ன, ஸ்கூல் பீஸ் என்ன, கேஸ் என்ன என்று அந்தப் பெண்களையே உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். அரை நாள் ஆகும், சண்டை வரும், வரட்டும். அந்த எண் தானாகக் குறைந்தபட்சக் கூலிக்கு மேலேதான் நிற்கும்.

உதாரணத்துக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கணக்குப் புரிவதற்காக நான் போட்ட எண் இது. எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிஷம், நிமிஷத்துக்கு 1.25 ரூபாய். 19 நிமிஷத்துக்கு 23.75, அதை 24 என்று வையுங்கள். 44 இஞ்ச் அகலத் துணி மீட்டர் 80 ரூபாய் என்றால், கைப்பிடியோடு சேர்த்து மீட்டருக்கு நாலு பை எடுக்கலாம், பைக்கு 20, சேதாரத்துக்கு 1. நூலும் லேபிளும் 3. வாடகை, கரண்ட், மெஷின் சர்வீஸ், ஆட்டோ எல்லாம் பிரித்தால் பைக்கு 6. ஆக 54. இதன்மேல் குழுவின் சேமிப்புக்குப் பத்து சதவீதம், கிட்டத்தட்ட 60 ரூபாய்.

அந்தச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். மெஷின் மோட்டார் எரிந்தால், ஒரு ஆர்டர் திரும்பி வந்தால், ஒருவருக்குப் பிரசவம் என்றால், அந்தப் பணம்தான். அதை விலையில் வைக்காமல் பின்னால் யாரிடமாவது நிதி கேட்கலாம் என்று நினைக்கிற குழு கடைசிவரை நிதி கேட்கிற குழுவாகத்தான் இருக்கும்.

"சிக்பேட்டையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே?" என்று கேட்பார்கள். கிடைக்கும். அந்த விலைக்கு எத்தனை நிமிஷம், யாருக்கு எவ்வளவு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் இந்தக் கணக்குத் தாளை அப்படியே எடுத்து வாங்குபவர் முன்னால் வையுங்கள். குறைக்கச் சொன்னால், "சரிங்க மேடம், எதைக் குறைக்கலாம்? ஓவர்லாக் வேண்டாமா, லேபிள் வேண்டாமா, துணியைக் கொஞ்சம் லேசா போடலாமா?" என்று கேளுங்கள். கூலி என்ற வரி மட்டும் பேரத்துக்கு இல்லை. இப்படித் தாளைக் காட்டியதும் பாதிப் பேர் பேரத்தை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் போய்விடுவார்கள், போகட்டும்.

ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்க வேண்டும். தேதி, என்ன வேலை, எத்தனை பீஸ், எவ்வளவு ரூபாய். குழுவின் பெரிய நோட்டில் இருப்பதும் அவர் நோட்டில் இருப்பதும் வாரா வாரம் ஒத்துப்போக வேண்டும். பணம் அவர் பெயரில் உள்ள அக்கவுன்டுக்குத்தான் போகணும். அதிலும் ஒரு விஷயத்தைப் பாருங்கள், அக்கவுன்டில் யாருடைய ஃபோன் நம்பர் இருக்கிறது என்று. வீட்டுக்காரர் நம்பருக்கு மெசேஜ் போனால் காசு வந்தது அவருக்குத்தான் முதலில் தெரியும். பேங்குக்குப் போய் நம்பரை மாற்றுவது ஒரு அரை நாள் வேலை, ஆனால் நான் பார்த்தவரை எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இதற்குப் பலன் அதிகம். வீட்டில் சிலருக்கு இது பிடிக்காது. கட்டாயப்படுத்தாதீர்கள், எப்போது மாற்றுவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு.

முன்பணமும் பாக்கியும்

உலக நியாய வணிக அமைப்பு 1989இல் தொடங்கியது, அதற்குப் பத்துக் கொள்கைகள் உண்டு. வெளிப்படையான கணக்கு, நியாயமான கூலி, குழந்தைத் தொழில் இல்லாமை, பாகுபாடு இல்லாமை, பாதுகாப்பான இடம் என்று போகும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கைவினைப் பொருளுக்கு, உற்பத்தியாளர் கேட்டால், வட்டியில்லாமல் குறைந்தது பாதிப் பணம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பதுதான். காரணம் எளிது. நம் கணக்கில் நூறு பைக்கு 6,000 ரூபாய். பாதி முன்பணம் 3,000. துணி, நூல், லேபிளுக்கு 2,400 போக 600 மிஞ்சுகிறது. யாரும் கந்துவட்டிக்குப் போகாமல், மைக்ரோஃபைனான்ஸ்காரரிடம் கைநீட்டாமல் துணி வந்துவிடும். முன்பணம் இல்லாமல் ஆர்டர் எடுத்தால் வாங்குபவருக்கு நாம் கடன் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

மிச்சப் பாதி, பை கைக்குப் போகும்போது. கல்யாண வீட்டுக்காரர்களிடம் இது சிரமம் இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிவிடுங்கள், முடிந்த பிறகு ஃபோன் எடுக்க மாட்டார்கள். கம்பெனிகள்தான் பிரச்சினை. தீபாவளி கிஃப்டுக்கு ஐந்நூறு பை வாங்கிக்கொண்டு பொங்கலுக்குப் பிறகும் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டைக் கைகாட்டுவார்கள். இதற்கு ஒரு ஆயுதம் இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டப்படி, உத்யம் என்கிற அரசுச் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதற்கென்று இருக்கிற அரசு இணையதளத்தில் புகார் போடலாம். பில்லில் உத்யம் நம்பரைப் போட்டு, கீழே இந்த வரியை எழுதினாலே பல கம்பெனிகள் ஒழுங்காகிவிடும்.

காகித வேலை

உத்யம் பதிவு இலவசம், ஆதார் நம்பர் இருந்தால் இணையத்தில் முடிந்துவிடும். ஆயிரம் கொடு, ரெண்டாயிரம் கொடு என்று கேட்கிற போலி இணையதளங்கள் நிறைய, அரசு தளத்தின் முகவரியைச் சரிபாருங்கள். பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வரம்பு கர்நாடகத்தில் வருஷத்துக்கு 40 லட்ச ரூபாய் விற்பனை, ஆரம்பத்தில் அந்தக் கவலை வராது. ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றாலோ ஆன்லைன் தளங்களில் விற்றாலோ விதி வேறு, ஒரு ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குழுவின் வடிவம்? முதல் வருஷத்துக்குச் சுயஉதவிக் குழுவாக, இங்கே எல்லோரும் சொல்வதுபோல சங்கமாக, மூன்று பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கோடு இருந்தால் போதும். பத்துப் பேருக்கு மேல் வந்து, ஆர்டர் நிலைத்த பிறகு உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதியலாம். அதற்குக் குறைந்தது பத்து உற்பத்தியாளர்களும் ஐந்து இயக்குநர்களும் வேண்டும், பங்குதாரர்கள் அந்தப் பெண்களேதான். டெல்லியில் சேவா என்கிற பெண் தொழிலாளர் அமைப்போடு சேர்ந்த ரூவாப் என்ற எம்பிராய்டரி நிறுவனம் இப்படித்தான் நடக்கிறது, வீட்டில் இருந்து வேலை செய்யும் பெண்கள்தான் அதன் பங்குதாரர்கள். யாரோ ஒரு மேடம் பெயரில் டிரஸ்ட் பதிந்து, பெண்கள் எல்லோரும் அதில் "பயனாளிகள்" என்று இருப்பதைவிட இது பல மடங்கு மேல். அந்த மேடம் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

தனிப்பட்ட முறையில் ஒவ்வொருவரும் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைப் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய அதில் 18 தொழில்கள், தையலும் ஒன்று. பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 வரை, 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம் வரை கடன். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கருவிக்கான உதவியை வாங்கிக்கொள்ளுங்கள், கடனை மட்டும் ஆர்டர் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

இடமும் மெஷினும் கரண்டும்

எல்லோரும் வீட்டில் தைப்பதா, ஒரே இடத்தில் கூடுவதா? வீட்டில் என்றால் சமையல், குழந்தை, மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தைக்கலாம் என்பார்கள், அதுதான் அதன் ஆபத்தும். வேலை ராத்திரி பதினோரு மணி வரை இழுக்கும், யாரும் அதை நேரமாக எண்ண மாட்டார்கள். வீட்டில் இருந்து வேலை செய்வோருக்கென்று 1996இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கையே கொண்டுவந்தது, இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. நான் சொல்வது: வெட்டுவது, ஓவர்லாக், அயர்ன், செக்கிங் எல்லாம் பொது இடத்தில். நேர்த்தையல் மட்டும் விரும்புகிறவர்கள் வீட்டில். பொது இடம் அங்கன்வாடிக்கு நடக்கிற தூரத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பாத்ரூம் இல்லாத ரூமை வாடகை குறைவு என்று எடுக்காதீர்கள்.

வீட்டில் பவர் மெஷின் ஓட்டுகிறவர்கள் கரண்ட் பில்லைக் கவனிக்க வேண்டும். கிருஹ ஜோதி என்கிற கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டத்தில் இலவச அளவு அந்த வீட்டின் பழைய சராசரியை ஒட்டித்தான், 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் கட்டணும். அதோடு அது வீட்டுக் கனெக்ஷனுக்கான சலுகை, தொழிலுக்கு இல்லை. ஆகவே வீட்டில் கால் மெஷினோ சாதாரணச் சின்ன மோட்டாரோ போதும், ஜூக்கி மாதிரி பெரிய மெஷின்கள் பொது இடத்தில் இருக்கட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் போடுங்கள். கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே கரண்ட் தின்னும், சத்தமும் தலைவலி.

பத்துப் பேர் ஒரு இடத்தில் வேலை செய்தால் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள் குழு 2013 சட்டப்படி கட்டாயம். எல்லோரும் பெண்கள்தானே என்று விடாதீர்கள், துணி கொண்டுவருபவர், மெஷின் ரிப்பேர்காரர், வாங்க வருபவர் எல்லோரும் அந்த வாசலில்தான் நுழைகிறார்கள்.

தரம்

நியாய வணிகம் என்பதற்காக யாரும் கோணல் பையை இரண்டாவது தடவை வாங்க மாட்டார்கள். கார்மென்ட்ஸ் அக்காக்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, அவர்கள் கால் இஞ்ச் வித்தியாசத்தை எட்டடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பார்கள். பைக்கு நாலு விதி மட்டும்: கைப்பிடி வேரில் கட்டம் போட்டுக் குறுக்கே பெருக்கல் தையல், இஞ்சுக்கு எட்டிலிருந்து பத்துத் தையல், தடித்த துணிக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி, அப்புறம் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்தப் பீஸ் நகரக் கூடாது. துண்டுகளை டேப்பில் ஒட்டித் தேதி போட்டு நோட்டில் வைக்கிற ஃபேக்டரிப் பழக்கத்தை இங்கேயும் வையுங்கள். ஒரு காந்தம் வாங்கிப் போடுங்கள்.

வாங்குபவர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் பை ஒன்று ஆணியில் தொங்க வேண்டும். ஆர்டர் திரும்பி வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டு தப்பா, துணி தப்பா, சொன்னது தப்பா என்றால் இழப்பு குழுவுக்கு, சேமிப்பிலிருந்து. ஒரு பெண்ணின் கூலியில் பிடித்தம் செய்கிற பழக்கத்தை உள்ளே விடவே கூடாது. பிரித்துத் தைக்கிற நேரத்துக்கும் கூலி உண்டா என்று கேட்பீர்கள். தையல்காரி கவனக்குறைவு என்றால் இல்லை, மற்றபடி உண்டு. இதை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

விற்பதும் சொல்வதும்

முதல் ஆர்டர்கள் தெரிந்த வட்டத்தில்தான் வரும். அல்சூர் தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி, கல்யாண கான்ட்ராக்டர்கள், சமையல்காரர்கள். கல்யாணத்தில் என்ன எங்கே வாங்கினார்கள் என்று எல்லாம் தெரிந்தவர் சமையல் கான்ட்ராக்டர்தான். அடுத்தது அபார்ட்மென்ட் கண்காட்சிகள், நவராத்திரி, தீபாவளி சமயத்தில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுர ரோடு பக்கம் நிறைய நடக்கும். ஸ்டால் வாடகையை முதலிலேயே கேளுங்கள், அதையும் நாள் கூலியையும் எடுக்க எத்தனை பை விற்க வேண்டும் என்று பாருங்கள், எண் பயமுறுத்தினால் விட்டுவிடுங்கள்.

லேபிளில் என்ன எழுதுவது? "நியாய வணிகச் சான்று பெற்றது" என்று எழுதக் கூடாது, அந்த அமைப்புகளின் முத்திரையைப் போடக் கூடாது, உறுப்பினராகித் தணிக்கை முடிந்தால்தான் அந்த உரிமை. ஃபேர் டிரேட் ஃபோரம் இந்தியா மாதிரி அமைப்பில் பின்னால் சேரலாம், அவசரமில்லை. அதற்குப் பதில் உண்மையை அப்படியே எழுதுங்கள்: "இந்தப் பை 19 நிமிஷ வேலை. தைத்தவர்களுக்குக் கூலி 24 ரூபாய்." இதைப் படித்துவிட்டு வாங்காமல் போனவரைவிட, படித்துவிட்டு இன்னொன்று எடுத்தவர்கள்தான் அதிகம்.

அப்புறம் சோகக் கதைகள். புருஷன் குடிகாரர், கைவிடப்பட்டவர், குடிசையில் வளர்ந்தவர் என்று தைத்தவரின் வாழ்க்கையை அட்டையில் அச்சடித்துப் பையில் தொங்கவிடுவது இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது. எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அந்த அக்காவின் பையன் காலேஜில் படிப்பான், அவன் நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பை வரும். போட்டோ எடுப்பதானால் எதற்கு, எங்கே போடுவோம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுங்கள். பின்னால் எடுத்துவிடச் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

ஆடியும் மார்கழியும்

கல்யாண ஆர்டரை நம்புகிற குழுவுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும். தை, வைகாசி, ஆவணியில் சம்பாதிப்பதைப் பார்த்து இதே மாதிரி வருஷம் முழுக்க வரும் என்று வாடகை அதிகமான இடத்துக்கு மாறிவிடாதீர்கள். ஆடியில் வரலக்ஷ்மி விரதத்துக்கும் கொலுவுக்கும் சுருக்குப் பை தைத்து அடுக்குங்கள், அதற்கான கூலியைச் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட்டு விற்றதும் திரும்பப் போடுங்கள். மார்கழியில் பொங்கலுக்குக் கம்பெனிகள் கேட்கிற பைகளுக்கு நவம்பரிலேயே போய்ப் பேச வேண்டும். சும்மா இருக்கிற நாள்களில் நோட்டுகளைச் சரிபார்ப்பதும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுச் சர்வீஸ் செய்வதும் நடக்கட்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மாறும் என்று சொன்னேன் இல்லையா, அதற்குள் நிமிஷ விலையையும் மறுபடி போட்டுவிடுங்கள். மார்ச் முதல் வாரமே பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் புது விலையையும் கணக்குத் தாளையும் அனுப்புங்கள். போன வருஷக் கொட்டேஷனைக் காட்டி "இதுலயே போட்டுக் கொடுங்களேன்" என்று வருகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள், அதனால் எந்தக் கொட்டேஷன் கொடுத்தாலும் கீழே 30 நாள் மட்டும் செல்லும் என்று தேதியோடு எழுத மறக்காதீர்கள்.